போக்கு, வரத்து, புறம்போக்கு: ஒரு ரயில் தடத்தை வாசித்தல்

1

ரயில் தடம் ஒன்றைப் பற்றி விமர்சனப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கவிதையையும் நாவலையும் பிரதி என்று சொல்லிப் பழகிய நாம், தினமும் லட்சக்கணக்கான பேர் அண்ணாந்து பார்த்து, விரலால் தொட்டு, எண்ணிக்கொண்டு வாசிக்கிற ஒரு வரைபடத்தைப் பிரதி என்று சொல்லத் தயங்குகிறோம். நாவலைப் பாதியில் மூடிவைக்கலாம். ரயில் வரைபடத்தைத் தப்பாக வாசித்தால் வேலைக்குப் போய்ச்சேர முடியாது. அந்த அளவுக்கு அது வாசகனைக் கட்டிப்போடும் பிரதி. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இம்மாதிரி யாரும் ஆசிரியர் பெயர் கேட்காத பிரதிகளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் வாசிக்க எடுத்துக்கொள்வது கோலாலம்பூரின் முதல் இலகு ரயில் தடம். 1996 டிசம்பரில் அம்பாங்கிலிருந்து நகர மையத்தின் சுல்தான் இஸ்மாயில் நிலையம்வரை ஓடத் தொடங்கியது. 1998இல் வடக்கே செந்தூல் தீமோருக்கும் தெற்கே ஸ்ரீ பெட்டாலிங்குக்கும் நீண்டது. அப்போது மொத்தம் 27 கிலோமீட்டர், 25 நிலையங்கள். தொடக்கத்தில் 'ஸ்டார்' என்று பெயர். இப்போது அம்பாங் தடம், ஸ்ரீ பெட்டாலிங் தடம் என்று இரண்டாகச் சொல்கிறார்கள். செந்தூலிலிருந்து சான் சோவ் லின்வரை இரண்டுக்கும் ஒரே பாதை. அங்கே கவட்டையாகப் பிரிகிறது. 2016இல் தெற்குக் கிளை பூச்சோங் வழியாகப் புத்ரா ஹைட்ஸ்வரை போய்விட்டது.

இந்தத் தடத்தைத் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. என் தாத்தாவின் அண்ணன் யுத்தத்துக்கு முன்னால் மலாயாவுக்குப் போனவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'போனவரு'தான். தோட்டத்தில் சில வருஷம், பிறகு செந்தூல் ரயில்வே பட்டறை. அவர் மகனும் அதே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எனக்குப் பெரியப்பா முறை. பெரியம்மா பிறந்தது புக்கிட் ஜாலில் தோட்டத்து லயத்தில். 2019இல் அவர்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோது இந்தத் தடத்தில் பலமுறை போய்வந்தேன். வரைபடத்தில் செந்தூல் ஒரு கோடி, புக்கிட் ஜாலில் இன்னொரு கோடிக்குப் பக்கம். அவர்கள் கல்யாணமே இந்தக் கோட்டின் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டமாதிரி இருப்பதாக நான் சொன்னேன். பெரியம்மா சிரித்தார். "அப்ப ரயிலு ஏது தம்பி, பஸ்ஸு மாறி மாறி வரணும். ரயில்வேக்காரங்க வீட்டுக்குத் தோட்டத்துப் பொண்ணான்னு இவுங்க அம்மா ஒரு வருஷம் பேசல" என்றார்.

2

முதலில் அந்த 'இலகு'. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். மலாயில் 'ஆலிரான் ரிங்கான்', இலேசான ஓட்டம். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் 'இலகு ரயில்' என்றே எழுதுகின்றன. வடமொழி லகு தமிழில் இலகு ஆனது. லகுவுக்கு எதிர் குரு. இலேசுக்கு எதிர் பாரம். ஆனால் இங்கே எது இலேசு? தண்டவாளமா, பெட்டியா, கட்டணமா? ஆங்கிலத்தில் இந்தத் தொடர் இன்றைய பொருளில் நிலைபெற்றது 1972இல், அமெரிக்க அரசின் நகரப் போக்குவரத்து நிர்வாகம் அதைக் கையில் எடுத்தபோது. டிராம் என்று சொன்னால் பழசு, மெட்ரோ என்றால் செலவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு புதுப்பெயர் தேவைப்பட்டது. ஆக, இலகு என்பது எடையைக் குறிக்கும் சொல்லாக வரவில்லை. ஏற்றிச்செல்லும் திறன் குறைவு, ஆகவே செலவு குறைவு என்ற வாக்குறுதியாக வந்தது. ஒரு குறிப்பான் தன் குறிப்பீட்டிலிருந்து நழுவுவதற்குச் சொல்லகராதிக்கு வெளியே இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்பதும் தெரிந்த கதை. தனியார் நிறுவனம் கட்டி, ஓட்டி, கட்டணத்தில் கடனை அடைக்கும் என்பதுதான் ஏற்பாடு. எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. 1997இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. கடைசியில் 2002இல் அரசின் பிரசரானா நிறுவனம் இந்தத் தடத்தையும், இன்னொரு தனியார் நிறுவனம் 1998இல் தொடங்கிய கிளானா ஜெயா தடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. கடன் பொதுவின் தலைக்கு மாறியது. இலகு என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது: பாரம் குறையாது, ஆள் மாறும்.

இரண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக் கட்டியதற்கு ஒரு நினைவுச்சின்னம் மஸ்ஜித் ஜாமெக்கில் இருந்தது. ஆற்றங்கரையில் இரண்டு நிலையங்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்று. ஒன்றிலிருந்து இறங்கி வெளியே வந்து, மறுபடி சீட்டு வாங்கித்தான் மற்றதில் ஏறமுடியும். 2011 நவம்பரில்தான் இரண்டையும் சீட்டு மாற்றாமல் கடக்கும்படி இணைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரு நகரத்தின் மையத்தில் 'தனியார்மயம்' என்ற கோட்பாட்டை ஜனங்கள் காலால் நடந்து படித்தார்கள் எனலாம்.

3

இனி வரைபடம். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான படத்தின் வாரிசுகள்தான் இன்று உலகின் எல்லா ரயில் வரைபடங்களும். பெக் மின்வரைபடம் வரைந்து பழகியவர். ஊரின் நெளிவுகளை நேராக்கினார், தூரத்தைச் சமமாக்கினார், நிலையங்களுக்கு இடையில் இருப்பதை எல்லாம் வெள்ளையாக விட்டார். எங்கே இருக்கிறோம் என்பது தேவையில்லை, எங்கே மாறவேண்டும் என்பதே தேவை. இது பயணிக்குச் செய்த பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் அந்த வெள்ளையில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியும் அதோடு மறைந்துபோகிறது. பழைய வரைபடங்களில் நடந்தவர்களின் தடம், கப்பல்கள், தங்கிய இடங்கள் எல்லாம் இருந்தன. நவீன வரைபடம் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத் தான்மட்டும் நிற்கிறது என்பார் மிஷேல் தெ செர்த்தோ. நம் மரபில் இதை வேறுமாதிரியும் சொல்லலாம். ஆற்றுப்படை என்பது வழித்தடம் சொல்லும் இலக்கியம்தான். ஆனால் அதில் வழி சொல்கிறவன் அந்த வழியே போய்த் திரும்பியவன். அவன் உடம்பில் பசியும் வெயிலும் இருக்கும். ரயில் வரைபடம் போய்வந்தவன் இல்லாத ஆற்றுப்படை.

அப்படியானால் போய்வந்தவர்களை அதற்குள் கொண்டுவந்து வாசித்தால் என்ன ஆகும்?

மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து தொடங்கலாம். கிளாங் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடம். கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறான கூடுதுறை என்றுதான் பொருள் சொல்வார்கள். 1857இல் வெள்ளீயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் படகில் வந்து இங்கேதான் இறங்கினார்கள். ஆறு அதற்குமேல் படகுக்கு இடம்தரவில்லை. காட்டு வழியே நடந்து அம்பாங்குக்குப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் செத்துப்போனார்கள். மிச்சம் பதினெட்டு. மேற்கொண்டு ஆள் வந்தது, ஈயம் கிடைத்தது, ஊர் உண்டாயிற்று. இன்று மஸ்ஜித் ஜாமெக்கில் ஏறி அம்பாங்கில் இறங்குகிறவர், வளைந்து வளைந்து போனாலும், அந்த நடையின் இரண்டு முனைகளைத்தான் தொடுகிறார். அம்பாங் என்ற சொல் அணைக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சுரங்க வேலைக்குத் தண்ணீர் தேக்கிய இடம். நகரத்தின் தொடக்கக் கதை முழுக்க இந்த ஒரு கிளைக்குள் இருக்கிறது. ஆனால் கதையாக இல்லை, நிலையங்களின் வரிசையாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. புதிய தடம் என்று சொல்லப்பட்டது பெருமளவு பழைய தடம். அம்பாங் கிளையும் சாலாக் செலாத்தான் பக்கம் போகும் கிளையும் வெள்ளைக்காரன் காலத்து ரயில் பாதைகளின் மண்மேட்டைப் பயன்படுத்திக்கொண்டவை. ஒரு மீட்டர் அகலப் பாதை இருந்த இடத்தில் 1,435 மில்லிமீட்டர் பாதை வந்தது. மண்ணை வெட்டி மேடாக்கியவர்களின் வேலை அப்படியே கீழே கிடக்கிறது. மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதையைப் போட்டது இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்களின் படை. கோலாலம்பூர் – கிளாங் 1886. அதற்குப்பின் ரயில்வே என்றாலே தமிழ் ஆட்கள் என்றாயிற்று. கணக்குப் பிள்ளையாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் யாழ்ப்பாணத்தார். மண்வெட்டவும் கட்டை போடவும் பட்டறையில் இரும்பு தட்டவும் நம் பக்கத்து ஆட்கள். ரயில்வேக்குள்ளேயே ஒரு மேல், ஒரு கீழ். 'மலாயாத் தமிழர்' என்று ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் கட்டிவைக்கும் சொல்லாடல் இதை வசதியாக மறந்துவிடும்.

4

நிலையப் பெயர்களுக்கு வருகிறேன். சுல்தான் இஸ்மாயில்: மன்னர் பெயர் தாங்கிய சாலையின் பெயர்; அந்தச் சாலைக்கு முன்பு ஒரு ஆங்கில அதிகாரியின் பெயர். பண்டார் துன் ரசாக்: பிரதமர். சான் சோவ் லின்: ஈயச் சுரங்கமும் இரும்புப் பட்டறையும் வைத்திருந்த சீன முதலாளி. ஹாங் துவா: மலாய்க் காவியத்தின் வீரன். பிளாசா ராக்யாட்: மக்கள் வளாகம். இந்தக் கடைசிப் பெயரில் ஒரு வேடிக்கை. அந்தப் பெயரில் கட்டத் தொடங்கிய பெரிய வளாகம் 1997 நெருக்கடியில் நின்றுபோய், பல வருஷம் கம்பி நீட்டிய தூண்களாகவே நின்றது. மன்னருக்குச் சாலை இருந்தது, முதலாளிக்குச் சாலை இருந்தது. மக்களுக்கு வளாகம் வருமுன்னே நிலையம் வந்துவிட்டது.

ஹாங் துவா நிலையத்தில் சற்று நிற்கவேண்டும். துவா அரசனுக்கு விசுவாசி. அவன் தோழன் ஹாங் ஜெபாட், துவாவுக்கு அநியாயமாக மரண தண்டனை விதிக்கப்பட்டது என்பதற்காக அரசனை எதிர்த்தவன். அதே துவா உயிரோடு திரும்பி வந்து, அரசன் ஆணைப்படி ஜெபாட்டைக் கொல்கிறான். ஜெபாட்டின் பக்கம் நின்று இந்தக் காவியத்தைப் புதிதாக வாசித்தவர் மலாய் விமர்சகர் காசிம் அகமது. நம் ஊரில் இராவணன் பக்கம் நின்று வாசித்தவர்களை நினைத்துக்கொள்ளலாம். நிலையத்துக்குக் கிடைத்தது விசுவாசியின் பெயர்.

அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் 1895இல் கட்டிய புடு சிறை இருந்தது. 1949 மே 4ஆம் தேதி எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்டது அங்கேதான். தஞ்சைப் பக்கத்தில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றம். இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. 2010 தொடங்கி 2012க்குள் சிறையையும் இடித்துவிட்டார்கள். அங்கே வணிக வளாகமும் கோபுரங்களும் வந்துவிட்டன. 'அடுத்த நிலையம் ஹாங் துவா' என்று மலாயில் அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்கு அந்த இன்னொரு பெயர் காதில் விழுந்தது. ஊரில் இதைப் பற்றிப் பெருமையாக ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று அன்றைக்கே குறிப்பெடுத்துக்கொண்டேன். பெயரின்மை பற்றிய கட்டுரை. இத்தனை நிலையத்தில் உழைத்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை, தமிழன் பெயர் ஒன்றுகூட இல்லை என்று முடியும் கட்டுரை. அப்படித்தான் இதை எழுதியிருப்பேன், பெரியம்மாவோடு புக்கிட் ஜாலிலுக்குப் போகாமல் இருந்திருந்தால்.

5

புக்கிட் ஜாலில் நிலையம் அளவுக்கு மீறிப் பெரியது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய தேசிய அரங்கத்துக்குக் கூட்டம் வந்து இறங்குவதற்காக அப்படி. தெற்குக் கிளையே அந்த ஆண்டு ஜூலையில் விளையாட்டுக்கு முன்னதாகத் திறக்கப்பட்டது. கடைசி நிலையத்துக்குக் 'கோமன்வெல்' என்று பெயர் வைத்துப் பிறகு ஸ்ரீ பெட்டாலிங் என்று மாற்றினார்கள். சாம்ராஜ்யத்தின் நினைவாக நடக்கும் விளையாட்டு, சாம்ராஜ்யம் ரப்பர் நட்ட நிலத்தில்.

அந்த நிலம் புக்கிட் ஜாலில் தோட்டம். 1980இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பால்மரங்கள் போய் அரங்கம், வீடுகள், கல்லூரி, ரயில் வந்தன. பால்வெட்டிய குடும்பங்களில் பல அங்கேயே லயத்தில் இருந்தன. அவர்களுடைய வீட்டுக்கு ஆதாரம் என்ன? வேலைதான். தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டிப்போட்டது. வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால், நாலு தலைமுறை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'செத்திங்கான்', அனுமதியின்றிக் குடியிருப்போர். 2011இல் மிச்சமிருந்த 41 குடும்பங்களை வெளியேறச் சொல்லி நகராண்மை நோட்டீஸ் விட்டபோது கையில் எடுத்தது 1969இன் அவசரகால விதிகளை. குடியேறிகளை அப்புறப்படுத்தும் விதிகள் அவை. அடுக்குமாடிக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நான்கு ஏக்கர் நிலம், அதில் தரைவீடுகள்.

'செத்திங்கான்' என்பதற்கு மலேசியத் தமிழ் எழுத்தில் வழங்கும் சொல் 'புறம்போக்குவாசி'. இந்தச் சொல் நம் ஊர் வருவாய்த்துறையிலிருந்து கப்பலேறிப் போனது. நமக்கு அது நிலத்தின் வகை: மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்கு வெளியே போன நிலம். நிலத்துக்குச் சொன்ன சொல் மனுஷனுக்கு வசவாகவும் ஆனது நமக்குத் தெரியும். அங்கே ஒரு படி மேலே போய், சட்டபூர்வமான அடையாளமாகவே ஆகியிருக்கிறது.

தமிழில் 'போக்கு' என்ற வேர் பிடித்து வரும் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அகத்தில் உடன்போக்கு: விரும்பியவனோடு வீட்டைவிட்டுப் போவது, போகிறவள் தானே முடிவெடுத்துப் போகிறாள். போக்குவரத்து: போவதும் வருவதும், போனது திரும்பும் என்ற நம்பிக்கை அந்த இரட்டைச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புறம்போக்கு: வரத்து இல்லாத போக்கு. தாத்தாவின் அண்ணனை 'போனவரு' என்று எங்கள் வீட்டில் சொன்னார்களே, அதில்கூட வரத்து கிடையாது. ஒரு நகரம் தன் போக்குவரத்தைப் பெருக்கும்போது கூடவே புறம்போக்கையும் உற்பத்தி செய்கிறது என்பதுதான் நான் இந்த வரைபடத்திலிருந்து கடைசியாக வாசித்துக்கொண்டது. இது உருவகம் இல்லை, கணக்கு. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால், பட்டா இல்லாதவன் அதுவரை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்தவன், ஆக்கிரமிப்பாளன் ஆகிறான். அவன் அதே இடத்தில்தான் இருக்கிறான். அவனைச் சுற்றி நிலம்தான் நகர்ந்திருக்கிறது.

செந்தூலிலும் நடந்தது இதே வாக்கியத்தின் வேறு வடிவம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ரயில்வே மத்தியப் பட்டறை. 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டும் மறுபடி எழுந்த பட்டறை. அதன் நிலத்தில் இன்று பூங்கா, உயர்ந்த குடியிருப்புகள், 2005இல் திறந்த நிகழ்கலை மையம். மையம் இருப்பது ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்றில். பெரியப்பா அதன் வாசலில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூரய நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து ஒரு புலம்பலை எதிர்பார்த்து நின்ற என் நிலைமைதான் சங்கடமாகிப்போனது.

6

அரங்கத்தைத் தாண்டி, தோட்டத்துப் பக்கம் நடந்தபோது பெரியம்மாவிடம் என் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். இத்தனை நிலையம் இருக்கு, நம்ம ஆள் பேரு ஒண்ணுகூட இல்லையே பெரியம்மா என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேர வச்சிக்கிட்டு என்ன தம்பி பண்றது? வீடு குடுன்னுதான இங்க உள்ளவங்க கேட்டாங்க. பேரு குடுன்னு யாரு கேட்டா?"

இந்த இடத்தில் என் கட்டுரை உடைந்துவிட்டது. குறிகளையும் பெயர்களையும் வாசிக்கப் பழகிய நமக்கு, இழப்பு என்றாலே அடையாள இழப்பு என்று தோன்றிவிடுகிறது. ஒரு நிலையத்துக்கு கணபதி என்று பெயர் வைத்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று இனத்துக்கும் பங்கு கொடுத்தாயிற்று என்ற அரசின் பெருங்கதையாடல் நிறைவுபெறும். ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஒரு தமிழர். வரைபடம் அழகாகிவிடும். 41 குடும்பம் அப்படியேதான் இருக்கும். பிரதிநிதித்துவம் என்பது சில வேளை நிலத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் காகிதம்.

அப்படியென்றால் பெயர்களை வாசித்தது வீணா? அப்படியும் நினைக்கவில்லை. பூச்சோங் ஜெயா நிலையத்தைப் பாருங்கள். 2016இல் திறந்த அந்த நிலையத்தின் முழுப்பெயர் 'ஐ.ஓ.ஐ. பூச்சோங் ஜெயா'. ஐ.ஓ.ஐ. என்பது செம்பனைத் தோட்டங்களும் வீட்டு மனைத் தொழிலும் கொண்ட பெரிய குழுமம். தோட்டத்தில் வேலை செய்தவனுக்குப் பெயர் தேவைப்படவில்லை, வீடு தேவைப்பட்டது. தோட்டம் வைத்திருப்பவருக்கு வீடு பிரச்சினை இல்லை, பெயரும் கிடைத்தது. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதன் கடைசி வரிதான் பெயர். நான் கடைசி வரியை முதல் வரியாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு உடைசலும் உண்டு. லயத்தைப் பற்றி நான் ஏக்கத்தோடு பேசிக்கொண்டு வந்ததைப் பெரியம்மா விடவில்லை. தமிழில் லயம் என்றால் நமக்கு இசை, ஒன்றிப்போதல். தோட்டத்து லயம் அந்தச் சொல் இல்லை. ஆங்கில 'லைன்' தமிழ் வாயில் விழுந்து லயன் ஆகி, லயம் ஆனது, வரிசை வீடு. ரயிலுக்கும் லைன்தான், குடியிருப்புக்கும் லைன்தான். "ஒரே செவுரு. அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும். விடியக் காலம்பற பெரட்டுக்கு நிக்கணும். தண்டல் பேரு கூப்புடுவான். நீ ஒரு மாசம் இருந்து பாரு, அப்பறம் எழுது" என்றார். பெரட்டு என்பது ஆளெண்ணும் அணிவகுப்பு. பெயர் கூப்பிடப்படுவது என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான் என்பதை நான் அங்கே புரிந்துகொண்டேன். பெயர் பதிவாவது கௌரவம் என்பது என் வகுப்பின் அனுபவம். அவருக்கு அது கூலிக் கணக்கு.

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' தொடங்கி இன்றுவரை தமிழகத்திலிருந்து மலேசியாவைப் பார்க்கும் கண்ணுக்குத் தோட்டமே தெரிகிறது. தோட்டத்தின் துயரம் உண்மை. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களின் துயரம் அதைவிடக் கொடிது. 415 கிலோமீட்டர் பாதை, திரும்பி வராதவர்கள் எத்தனை ஆயிரம். ஆனால் துயரத்தை மட்டும் வாசிக்கிற வாசகன், அந்த மக்கள் இன்று எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்பதைப் பார்க்க மறுக்கிறான். பெரியம்மாவின் மகள், என் அக்கா, தினமும் செந்தூல் நிலையத்தில் ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி ஆபீசுக்குப் போகிறாள். அவள் அம்மாவுக்கு வேலையும் வீடும் ஒரே துரையின் கையில் இருந்தன. அவளுக்கு வேலை ஒரு கோடியில், வீடு ஒரு கோடியில். நடுவில் இருக்கிற ரயில், சும்மா சொல்லக்கூடாது, ஒரு விடுதலைதான். ஒருவனிடமே எல்லாவற்றுக்கும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. இந்தத் தடத்தை ஒடுக்குமுறையின் கருவி என்று மட்டும் எழுதினால் அவள் சிரிப்பாள். அவளுக்கு ரயில் ஐந்து நிமிஷம் தாமதமானால்தான் ஒடுக்குமுறை.

இரண்டும் உண்மை என்று சமாதானமாக முடித்துவிடலாம். அப்படி முடிக்க மனம் இல்லை. ஏனென்றால் இரண்டு உண்மையும் ஒரே ஆளுக்கு நடக்கவில்லை. ரயிலின் பலன் ஏறுகிறவருக்கு, அதன் விலை இடம் கொடுத்தவருக்கு. ஏறுகிறவர் அதிகம், இடம் கொடுத்தவர் குறைவு என்பதால் கணக்கு சரியாகிவிட்டது என்று திட்டமிடுபவர்கள் சொல்வார்கள். திட்டச் செலவில் இந்த இரண்டாவது ஆளின் வீட்டையும் சேர்க்கவேண்டும் என்பதுதான் நான்கு ஏக்கர் கேட்டவர்களின் வாதம். அதைக் கோரிக்கை என்று வாசிக்கிறோம். எனக்கு இப்போது அது ஒரு விமர்சனமாகத் தெரிகிறது: தூண்களும் பெட்டிகளும் செலவுக் கணக்கில் வந்தபோது விட்டுப்போன ஒரு வரியைச் சுட்டிக்காட்டும் விமர்சனம். சென்னையிலோ கோவையிலோ மெட்ரோ வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நாம் பேசும்போதும் அந்த வரியைத்தான் முதலில் தேடவேண்டும். எத்தனை நிலையம், என்ன பெயர் என்பதெல்லாம் பிறகு.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். நகருக்குள் தடம் உயரத்தில் போகிறது; அங்கே கண்ணுக்கு வருவது கூரைகள். ரயில் ஜன்னலில் முன்புறக் காட்சி அழிந்துபோய்த் தூரம் மட்டுமே நிற்கிறது என்று ஷிவெல்புஷ் ரயில் பயணம் பற்றிய தன் நூலில் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. பெரியம்மா ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த வரைபடத்தைப் பார்த்து விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை நிலையம் இருக்கு பெரியம்மா என்று கேட்டேன்.

"இன்னும் நாலு. நாலாவதுல எறங்கணும், நெனப்பு வச்சிக்க" என்றார்.